இங்கே படம் வெட்டித் தரப்பட மாட்டாது

அகலமான சினிமாவைக் கையகலப் பெட்டிக்குள் அடக்கித் தருகிற தொழிலில் ஒரு விதி உண்டு: படம் நன்றாக வந்தால் பெட்டியைப் பாராட்டுவார்கள், நன்றாக வராவிட்டால் நம்மைத் திட்டுவார்கள். ஜெராக்ஸ், லேமினேஷன், போட்டோ பிரின்ட் என்று ஏதாவது ஒரு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நீங்களும் பிழைத்தவர் என்றால் உங்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

ரெண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் பர்மா பஜாரிலிருந்து எம்பி ஃபோர் பிளேயர்கள் கூடை கூடையாக வந்து இறங்கின. ரெண்டரை இஞ்ச் திரை, காதில் மாட்ட ஒரு ஒயர். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அருள்ராஜ் அண்ணாச்சியின் செல்போன் கடைக்குள் ஒரு மேசையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு ஸ்டூலையும் போட்டு நான் உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஜனங்கள் தங்களிடம் உள்ள சினிமா டிஸ்க்கைக் கொண்டுவருவார்கள். பெட்டிக்குப் புரிகிற மாதிரி நான் மாற்றி ஏற்றித் தருவேன். ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் மிஷின் ஓடும்.

சிக்கல் எங்கே என்றால், சினிமா அகலம், பெட்டித் திரை கிட்டத்தட்ட சதுரம். மூன்றே வழிதான். மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் வைக்கலாம். மேலும் கீழும் இழுத்து நிரப்பலாம். அல்லது இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவை மட்டும் பெரிதாக்கலாம். அந்த மேசை எனக்கு நிலைக்குமா நிலைக்காதா என்பதே கடைசியில் இந்த மூன்றில் எதை நான் செய்கிறேன் என்பதில் வந்து நின்றது.

மேல் துண்டு, கீழ் துண்டு

என் முதல் வாடிக்கையாளர்கள் டிரெய்லர் டிரைவர்கள். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரெண்டு நாள் நின்றாலும் சில சமயம் நாலு வண்டி நீளம்தான் நகரும். கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் படம் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? முனுசாமி அண்ணன் அப்படித்தான் என்னிடம் வந்தார். முதல் படத்தை ஒழுங்காக, கருப்புப் பட்டை விட்டு, முழுசாக ஏற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார். கோபமாகக்கூட இல்லை, மனசு நொந்து போய் இருந்தார். படம் இவ்வளவுதான் அண்ணே, அந்தக் கருப்பு வெறும் காலி இடம், அதில் ஒன்றுமே கிடையாது என்று கையை விரித்து, பேப்பரில் கட்டம் போட்டு விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி தங்கச்சி. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு எடுத்துக்கீறியே, அது ரெண்டையும் யாருக்கு வச்சிகினு கீற?"

காலண்டர் நடித்த படம்

சரி, கேட்பவர் கேட்கிறபடியே கொடுத்துத் தொலைப்போம் என்று அடுத்த படத்தை வெட்டினேன். இந்த ஒரு தப்பை நான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ரெண்டு ஓரமும் போய், திரை முழுக்க நிறைந்து, பளிச்சென்று இருந்தது. முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அது ஒரு குடும்பப் படம். படத்தின் உயிரே புருஷனும் பொண்டாட்டியும் போடும் நீளமான சண்டை. எடுத்தவர் புருஷனை இடது கோடியில் ஜன்னலோரமும், பொண்டாட்டியை வலது கோடியில் வாசலோரமும் நிறுத்தியிருக்கிறார். ரெண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்று நமக்குக் காட்டுகிறாராம். நான் வெட்டியதில் ரெண்டு பேருமே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நடுவிலிருந்த சுவர், சுவரில் ஒரு காலண்டர், எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு மூக்கு நுனி.

முனுசாமி அண்ணன் ரோட்டில் மாட்டிக்கொண்டு அதை முழுக்கப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு நாளா லைன்ல நின்னுகினு செவுரு பேசறதையே பாத்துகினு இருந்தேன் தங்கச்சி. அந்தக் காலண்டர்ல தேதிகூட மாறல."

இழுத்தால் வருகிற அழகு

வெட்டுவது இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இழுத்துக் கொடுத்தால் என்ன என்று எர்ணாவூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் டிஸ்க்கில் சோதித்துப் பார்த்தேன். கதாநாயகன் ஒல்லியாகி, உயரமாகி, கழுத்து நீண்டு நின்றான். லாரிச் சக்கரமெல்லாம் முட்டையாகி உருண்டது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. வேண்டாம்மா, கருப்புப் பட்டையோடு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் அவர் கணவர், வயிறு முன்னால் தெரிய, செல்போன் கவர் விலை கேட்டுக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார். "இதே மிஷின்ல எங்க வூட்டுக்காரரையும் ஒரு தபா வுட்டு எடுங்களேன், சொக்காவுக்குப் பட்டன் போட முடியல அவருக்கு."

எதிர்ச்சாரி

கார்த்திகை மாசம் எதிர்ச்சாரியில் ஒரு கடை திறந்தார்கள். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர்: ஃபுல் ஸ்கிரீன். அவ்வளவுதான், என் கூட்டத்தில் பாதி ரோட்டைக் கடந்து போய்விட்டது. அங்கே எதைக் கொடுத்தாலும் வெட்டினார்கள். வெட்டியது யாருக்கும் தெரியவில்லை. போனது போனதுதானே, இருந்ததே தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்?

நான் படித்தது ஆறு மாச டிடிபி. பெரிய ரசனை எல்லாம் எனக்கு இருந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் பாதியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அதற்கு முழுசு என்று பேர் வைத்து விற்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. மேசைக்கு ஆள் வந்தால்தான் கடைக்கும் ஆள் வரும் என்பது அவர் கவலை. "கேட்டதக் குடுத்தா யாவாரம். நீ பாடம் நடத்துத. பொங்கல் வரைக்கும் பாக்கேன் மல்லிகா, அதுக்குப் பொறவு இந்த மேசையில சார்ஜர் அடுக்கிருவேன், பாத்துக்கோ."

போர்டு

கெடு வைத்தால் பணிந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. மறுநாளே வெள்ளை அட்டையில் சிவப்பு எழுத்தில் நானே டைப் செய்து, பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டேன்: இங்கே படம் வெட்டித் தரப்பட மாட்டாது.

அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனார். அடுத்து வந்தவர் முனுசாமி அண்ணன். காலண்டர் படத்துக்குப் பிறகு அவர் கருப்புப் பட்டைக் கட்சிக்கு மாறியிருந்தார். கழுத்தைச் சாய்த்து ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். "நல்லாத்தான் கீது. ஆனா பொரட்டாசி மாசத்துக் கறிக்கட போர்டாட்டம் கீதே தங்கச்சி."

தொண்ணூற்று மூன்று

கெடு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்டும் என் காலை வாரியது. பகலில் ரெண்டு மணி நேரம் போகும் என்பார்கள், எந்த ரெண்டு மணி நேரம் என்று சொல்ல மாட்டார்கள். மிஷின் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வரை படத்தை மாற்றி முடித்திருக்கும், பட்டென்று அணைந்துவிடும். வந்ததும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். உங்களில் எத்தனை பேர் அந்தத் தொண்ணூற்று மூன்றைப் பார்த்து வயிறெரிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு பகலில் காத்துக்கொண்டிருந்தவர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். கண் இமையில்கூடச் சாம்பல். எனக்கிருந்த எரிச்சலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். கரி லாரி எங்கள் ரோட்டில் போகிறது, புகை எங்கள் மாடியில் இறங்குகிறது, துணி காயப் போட முடியவில்லை, கரண்டு மட்டும் எங்கேயோ போகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாங்க செஞ்சி அனுப்பறதோட சரி யக்கா. எங்க வூட்லயே இப்போ மெழுகுவத்திதான் எரிஞ்சிகினு இருக்கும்."

ஆக்டர்

பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தேவி வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. காத்திவாக்கம் குப்பத்தில் பிறந்து, தண்டையார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கூட அவள் அப்பா ஏழுமலை வந்திருந்தார். அவர் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு சினிமா ஷூட்டிங். கதாநாயகன் படகிலிருந்து குதித்துச் சண்டை போடுவான், ஊர் ஜனம் ரெண்டு பக்கமும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஏழுமலையைத் துடுப்போடு ஓரத்தில் நிறுத்தினார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்றதற்குச் சாயங்காலம் ஒரு பிரியாணிப் பொட்டலம். படம் வந்ததும் அவரும் மச்சானும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்து, ஊரெல்லாம் சொன்னார்கள். அப்புறம் மச்சானோடு வலைத் தகராறு. மச்சான், நான் எதையும் பார்க்கவில்லை என்று சாட்சியை மாற்றிவிட்டான். அந்தப் படம் டிவியில் வந்தபோது தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார் ஏழுமலை. சண்டை வந்தது, போனது. அவர் வரவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு 'ஆக்டர்' என்று பேர். கடலுக்குப் போனால் ஆக்டர், மீனை ஏலம் விட்டால் ஆக்டர். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் காதிலும் அந்தப் பேர் விழுந்து, இப்போது மாமியார் வீட்டில் தேவி 'ஆக்டர் பொண்ணு'. உங்கப்பன் அடுத்த படம் எப்போ என்று கேட்கிறார்களாம். அவள் டிஸ்க்கைத் தேடி வாங்கி, எதிர்க்கடையில் பிளேயரில் ஏற்றி, மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அதிலும் அப்பா இல்லை. இதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வாசலில் நிற்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. "எங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்லக்கா. ஆனா எந்தப் பொட்டியில பாத்தாலும் அவரு இல்ல."

நாலு செகண்ட்

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டேன். இவ்வளவு வீறாப்பாகப் போர்டு மாட்டிவிட்டு, அந்த ஓரத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சண்டைக் காட்சிக்கு ஓட்டினேன். கதாநாயகன் குதித்தான். வலது கோடி விளிம்பில் ஒரு ஆள், வேட்டியை மடித்துக் கட்டி, துடுப்பை இடது கையில் பிடித்து நின்றார். நாலு செகண்ட். தேவியின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அப்பாவுக்குப் பீச்சாங்கைதான் என்றாள்.

எதிர்க்கடைக்காரர் ஏற்றியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டு, ஏழுமலைக்கு ரெண்டு ஆள் முன்னாடியே முடிந்திருந்தது. டிவியிலும் இதே கதைதான் நடந்திருக்கும். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷனைப் பொய்யன் ஆக்க இவ்வளவு சின்ன வேலை போதுமா? படத்தை முழுசாக, மேலேயும் கீழேயும் கருப்போடு, ஏற்றிக் கொடுத்தேன். ரெண்டரை இஞ்சில் அவர் ஒரு அரிசி அளவுதான். ஆனால் இருந்தார், இடது கைத் துடுப்போடு.

கடைசியில் ஏழுமலை உள்ளே வந்தார். பெட்டியைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை பார்த்தார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. விரல் நகத்தால் திரையின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு மேல துளிகூட வெட்டாதம்மா. அந்தாண்ட தெரியுது பாரு, அது எம்மச்சான் முழங்கை. பேச்சுவார்த்த இல்லதான், இருந்தாலும் அதுவும் இர்க்கட்டும்."

முழங்கைக்காரர்

தேவி அந்தப் பெட்டியை மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டாள். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கத்திலிருந்து ஒரு கூட்டம் என் மேசைக்கு வந்தது. மறுநாள் காசிமேட்டிலிருந்து வந்தது. எல்லார் கையிலும் டிஸ்க். துறைமுகத்தில் எடுத்த சண்டை, மீன் மார்க்கெட்டில் எடுத்த துரத்தல், தண்டவாளத்தில் எடுத்த பாட்டு. ஒருத்தர் மீன்கூடை தெரிகிறது என்றார், இன்னொருத்தர் தன் சைக்கிள் தெரிகிறது என்றார். ஒரு அம்மா, குழாயடிக் காட்சியில் மூன்றாவது குடம் என்னுடையது என்றார்.

எல்லாமே ஓரத்தில்தான் இருந்தன. ஒருத்தரும் நடுவில் இல்லை. அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. ரவுடிக் கதை எடுக்க வேண்டுமா, எங்கள் ஊருக்கு வருகிறார்கள். எங்கள் பேச்சை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறார்கள். எங்களை நடுவில் நிற்கவிட மாட்டார்கள். ஓரமாக நில்லு என்பார்கள், நின்றோம். அந்த ஓரத்தையும் வெட்டித்தான் ஒரு பெட்டி நிறைய வேண்டும் என்றால், அந்தப் பெட்டி காலியாகவே கிடக்கட்டும். கருப்பு கருப்பாகவே இருக்கட்டும். இதை அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் சத்தமாகவே சொன்னேன்.

கூட்டத்தின் கடைசியில் ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்தார். ஏழுமலையின் மச்சான். முழங்கை மட்டும் தெரிகிறதே, மூஞ்சி எங்கே என்று கேட்டார். அது நான் வெட்டியதில்லை அண்ணே, கேமராவிலேயே அவ்வளவுதான் எடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் தலையை நிமிர்த்தி என் போர்டைப் படித்தார். "அப்போ அந்தக் கேமராக்காரனுக்கும் இதுல ஒண்ணு அடிச்சி அனுப்பு தங்கச்சி."

போகிக்கு முதல் நாள்

கெடு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது அண்ணாச்சி ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பெட்டி நிறைய சார்ஜர். சொன்ன சொல் தவறாதவர் என்று எனக்குத் தெரியும். மவுஸ் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். போர்டை மட்டும் கழற்ற மாட்டேன், அவரே கழற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி பெட்டியைத் தரையில் வைத்து, காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து கீபோர்டு மேல் வைத்தார். "தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல எடுத்த படம் இது. வலது ஓரத்துல ஒருத்தர் சோடா உடைக்காரு பாரு, அது எங்க சித்தப்பா. மெதுவா ஏத்து தாயி, ஓரத்துல கை வச்சிராத."

இப்போது அந்தக் கையகலப் பெட்டிகளெல்லாம் குப்பைக்குப் போய், திரைகளே அகலமாகி, கருப்புப் பட்டை தானாகவே மறைந்துவிட்டது. ஆனால் ஷூட்டிங்குக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் எங்களை அதே ஓரத்தில்தான் நிறுத்துகிறார்கள் என்பதால், போர்டை மட்டும் நான் இன்னும் கழற்றவில்லை.